ஐந்தாவது குருவிக்கு என்ன விலை தெரியுமா?

மத்தேயு 10-ஆம் அதிகாரத்தில் இயேசு குருவிக்கு ஒரு விலை சொல்கிறார்: ஒரு காசுக்கு இரண்டு. லூக்கா 12-ஆம் அதிகாரத்தில் இன்னொரு விலை சொல்கிறார்: இரண்டு காசுக்கு ஐந்து. எத்தனை முறை படித்திருப்போம், ஒரு தடவையாவது கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறோமா? இரண்டு காசுக்கு நான்குதானே வரவேண்டும்? ஐந்தாவது குருவி எங்கிருந்து வந்தது? கொசுறு! இரண்டு காசுக்கு வாங்குகிறவருக்கு வியாபாரி சும்மா எடுத்துப் போட்ட குருவி! அந்தக் காசே ஒரு கூலியாளின் நாள் கூலியில் 16-இல் ஒரு பங்குதான். ஏழைகள் வாங்கிச் சாப்பிட்ட மிக மலிவான பறவை அது. கி.பி. 301-இல் ரோமப் பேரரசர் டயோக்ளீசியன் வெளியிட்ட விலைப்பட்டியலில்கூட குருவிக்குத் தனித்தனியாக விலை கிடையாது, பத்துப் பத்தாகத்தான்! அப்படிப்பட்ட குருவிகளில், விலையே இல்லாத அந்த ஐந்தாவதையும் தேவன் மறப்பதில்லை என்கிறார் இயேசு.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? குருவி தரையில் விழவே விழாது என்று மத்தேயுவில் அவர் சொல்லவில்லை. விழும் என்கிறார். ஆனால் பிதாவை விட்டுத் தனியாக விழாது என்கிறார். வேதாகமம் தரும் பாதுகாப்பு எப்படிப்பட்டது என்று ஒருவர் கேட்டால் நான் முதலில் இந்த இடத்தைத்தான் திறந்து காட்டுவேன்.

சரி, இதைக் கேளுங்கள். இன்று நம்மிடம் இருக்கிற வேதாகம வாசகங்களிலேயே மிக மிகப் பழையது எது தெரியுமா? சவக்கடல் சுருள்கள் என்றுதான் பலரும் சொல்வார்கள். இல்லை! அவற்றுக்கும் சுமார் 400 ஆண்டுகள் மூத்தது ஒன்று உண்டு. தோலில் எழுதியதல்ல, வெள்ளித் தகட்டில் கீறியது. அதில் இருப்பது போர்க்கதையோ வம்ச அட்டவணையோ அல்ல. கர்த்தருடைய காவலும் சமாதானமும் உன்மேல் தங்கட்டும் என்று வாழ்த்தும் ஆசீர்வாதம்! எண்ணாகமம் 6-ஆம் அதிகாரத்தில் ஆரோனுக்கும் அவன் குமாரருக்கும் கொடுக்கப்பட்டதே அது. லுத்தரன் சபைகளில் ஆராதனை முடிவில் ஆயர் கைகளை உயர்த்திச் சொல்வதும் அதேதான்.

அது கிடைத்த கதை இன்னும் அதிசயம்! 1979-ஆம் ஆண்டு. எருசலேமில், இன்னோம் பள்ளத்தாக்கின் மேலே இருக்கிற கேத்தேப் இன்னோம் என்னும் இடம். தொல்லியல் அறிஞர் கேப்ரியேல் பார்க்காய் பாறையில் குடைந்த பழைய கல்லறைகளைத் தோண்டிக்கொண்டிருந்தார். கூட உதவிக்குச் சிறுவர்கள் சிலர். அதில் ஒரு பையனுக்கு, பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்று நினைத்த ஓர் அறையைச் சுத்தம் செய்யும் வேலை. அலுப்பு தாங்காமல் சுத்தியலை எடுத்துத் தரையில் போட்டு அடித்திருக்கிறான். தரை உடைந்தது! அது தரையே இல்லை. எப்போதோ இடிந்து விழுந்த கூரைப் பாறை. அதற்கு அடியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள், நகைகள், மண்பாண்டங்கள், எலும்புகள். கல்லறைத் திருடர்கள் இத்தனை நூற்றாண்டுகளாக வந்து வந்து போன இடம் அது. விழுந்த கூரை அத்தனையையும் மூடிக் காத்திருக்கிறது!

அந்தக் குவியலுக்குள் பீடித்துண்டு அளவில் சுருட்டிய இரண்டு வெள்ளித் தகடுகள். தொட்டால் நொறுங்கிவிடும் நிலை. சேதமில்லாமல் பிரிப்பதற்கே மூன்று ஆண்டுகள் ஆயின. பிரித்த பிறகு பெரியது 97 மில்லிமீட்டர் நீளம், சிறியது வெறும் 39 மில்லிமீட்டர். மயிரிழை போலக் கீறிய எழுத்துகள். கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் முடிவிலோ 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டவை. அதாவது எரேமியா தீர்க்கதரிசி வாழ்ந்த காலத்தை ஒட்டி! நடுவில் நூல் கோக்க இடம் விட்டுச் சுருட்டியிருப்பதால் யாரோ கழுத்தில் கட்டியிருந்த தகடுகள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இன்று அவை எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இன்னோம் பள்ளத்தாக்கு எப்படிப்பட்ட இடம் தெரியுமா? பெற்ற பிள்ளைகளை நெருப்பில் இட்டுப் பலி கொடுத்த இடம்! எரேமியா 7-ஆம் அதிகாரம் அதை நினைத்துக் கொதிக்கிறது. நரகத்துக்குப் பெயராகவே ஆகிப்போன பள்ளத்தாக்கு அது. அதன் தோளில்தான், தேவன் காப்பார் என்ற ஆசீர்வாதத்தை யாரோ கழுத்தில் அணிந்து நடந்திருக்கிறார்கள், அதோடேயே அடக்கம் பண்ணப்பட்டும் இருக்கிறார்கள். இதை முதன்முதலாகப் படித்த அன்று எனக்குச் சிலிர்த்துப்போனது, இப்போதும் சிலிர்க்கிறது. எருசலேம் நகரம் கி.மு. 586-ஐ ஒட்டி பாபிலோனியர் கையில் எரிந்து சாம்பலானது, ஆலயமும் போனது. ஆனால் ஒரு பீடித்துண்டு அளவு வெள்ளி தப்பியது!

எபிரெய மொழியில் அந்த ஆசீர்வாதத்தின் கட்டுமானத்தைப் பாருங்கள். மூன்று வரி. முதல் வரியில் 3 சொற்கள், இரண்டாவதில் 5, மூன்றாவதில் 7. ஒவ்வொரு வரியும் முந்தியதைவிட நீளமாகிறது. சொல்லச் சொல்ல ஆசீர்வாதம் பெருகுகிறது!

எண்ணிக்கை என்றதும் 23-ஆம் சங்கீதத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்கூட மனப்பாடமாகச் சொல்லும் சங்கீதம்தான். தலைப்பை விட்டுவிட்டு எபிரெயத்தில் எண்ணினால் மொத்தம் 55 சொற்கள். நட்டநடுவில் இருப்பது மூன்று சொற்கள். அதற்கு முன்னால் 26, பின்னால் 26! அந்த மூன்று சொற்களில் தாவீது என்ன சொல்கிறான்? தேவன் தன் கூடவே இருக்கிறார் என்று சொல்கிறான்! புல்வெளி நடுவில் இல்லை, அமர்ந்த தண்ணீர் நடுவில் இல்லை. மரண இருளின் பள்ளத்தாக்கில் நிற்கும்போதுதான் அந்த நடுச்சொற்கள் வருகின்றன. இன்னும் கேளுங்கள். அதுவரை 'அவர்' 'அவர்' என்று மேய்ப்பரைப் பற்றி நம்மிடம் பேசிக்கொண்டிருந்தவன், பள்ளத்தாக்கில் இறங்கியதும் அவர் பக்கம் திரும்பி 'நீர்' என்று அவரிடமே பேச ஆரம்பித்துவிடுகிறான். புல்வெளியில் மேய்ப்பரைப் பற்றிப் பேசினால் போதும். இருட்டில் மேய்ப்பரிடம் பேசியாக வேண்டும்.

எண்ணிக்கை விஷயத்தில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. வருஷத்தில் நாளுக்கு ஒன்று என்று 'பயப்படாதே' என்பது வேதாகமத்தில் சரியாக 365 முறை வருவதாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, பிரசங்கங்களிலும் கேட்கிறோம். உட்கார்ந்து எண்ணினால் அந்தக் கணக்கு வராது. வரவேண்டிய அவசியமும் இல்லை! தேவன் ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால் போதாதா?

91-ஆம் சங்கீதம். பயணத்துக்குமுன், ஆபரேஷனுக்குமுன், ராத்திரி தூக்கம் வராதபோது எத்தனை கிறிஸ்தவ வீடுகளில் அது சத்தமாக வாசிக்கப்படுகிறது! இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் அப்படித்தான் என்று தெரியுமா? சவக்கடல் அருகே கும்ரானின் 11-ஆம் குகையில் கிடைத்த ஒரு சுருளில், தீய ஆவிகளை விரட்டும் பாடல்களோடு சேர்த்து இந்தச் சங்கீதத்தை எழுதி வைத்திருந்தார்கள். பிற்காலக் கிறிஸ்தவர்கள் இதைக் கைக்காப்பில் பொறித்தார்கள், சீரியாவில் வீட்டு வாசல் நிலையின் மேற்கல்லில் செதுக்கினார்கள்.

ஆனால் இந்தச் சங்கீதத்தை வேதாகமத்துக்குள்ளேயே ஒருவன் மேற்கோள் காட்டுகிறான். யார் தெரியுமா? பிசாசு! ஆலயத்தின் உச்சியில் இயேசுவை நிறுத்தி, குதியும், தேவதூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறான். மத்தேயு 4-லும் லூக்கா 4-லும் இருக்கிறது. அவன் எங்கே நிறுத்துகிறான் என்று பாருங்கள்! சங்கீதத்தின் 12-ஆம் வசனத்தோடு வாயை மூடிக்கொள்கிறான். 13-ஆம் வசனத்தில் என்ன இருக்கிறது? சிங்கமும் பாம்பும் காலடியில் மிதிபடும் காட்சி! தன் தலை நசுங்குகிற இடத்துக்கு வருமுன் நழுவிவிட்டான். இயேசுவோ உபாகமத்தைக் காட்டி, தேவனைச் சோதித்துப் பார்க்கக்கூடாது என்று முடித்துவிடுகிறார். வாக்குத்தத்தம் நம்பிச் சாய்ந்துகொள்ளத்தான், தேவனுக்குப் பரீட்சை வைக்க அல்ல. வைராக்கியத்தில் மருந்தை நிறுத்திவிட்டு 91-ஆம் சங்கீதத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்களுக்கு இந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

தேவனுடைய பெயரே வராத புத்தகம் வேதாகமத்தில் உண்டு, தெரியுமா? எபிரெய எஸ்தர். பத்து அதிகாரங்களிலும் தேடிப் பாருங்கள், 'தேவன்' இல்லை, 'கர்த்தர்' இல்லை! ஆனால் 6-ஆம் அதிகாரத்தில் ஒரு ராத்திரி ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவுதான்! ராஜ்யத்தின் நடப்புகளை எழுதிவைத்த புத்தகத்தை வாசிக்கச் சொல்கிறான். சரியாக, மொர்தெகாய் என்னும் யூதன் தன் உயிரைக் காப்பாற்றிய செய்தி காதில் விழுகிறது. அதே நேரம் மொர்தெகாயைத் தூக்கில் போட அனுமதி கேட்க, யூதர்களையே அழிக்கத் திட்டமிட்ட ஆமான் முற்றத்துக்கு வந்து நிற்கிறான்! ஒரு ஜனமே பிழைத்தது, ஒருவனுடைய தூக்கம் கலைந்ததால். யூதர்கள் இன்றும் பூரிம் பண்டிகையில் இந்தச் சுருளை முழுவதுமாக வாசிக்கிறார்கள்.

செத்துப்போக வேண்டும் என்று கேட்ட தீர்க்கதரிசிக்குத் தேவன் என்ன கொடுத்தார் தெரியுமா? பிரசங்கம் இல்லை, கண்டிப்பு இல்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும்! கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி பெற்ற எலியா, ராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் விழுந்து கிடக்கிறான். தூதன் தொட்டு எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடி தூங்கிவிடுகிறான். தூதன் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தரமும் வந்து சாப்பிடச் சொல்கிறான். மனச்சோர்வில் இருப்பவரை 'உனக்கு விசுவாசம் போதாது' என்று குத்துகிறவர்கள் 1 இராஜாக்கள் 19-ஐ மெதுவாக வாசிக்கட்டும்.

88-ஆம் சங்கீதமும் மனச்சோர்வில் இருப்பவர்களுக்காகவே. மற்றப் புலம்பல்களில் எங்காவது ஒரு வெளிச்சம் வரும். இது கதறலில் ஆரம்பித்து, எபிரெயத்தில் கடைசிச் சொல்லும் இருளாகவே முடிகிறது. அதையும் தேவன் தம் புத்தகத்தில் வைத்திருக்கிறார்!

செப்பனியா வெறும் 3 அதிகாரம், 53 வசனம். பெரும்பாலும் நியாயத்தீர்ப்பின் இடிமுழக்கம். முடிவுக்கு மூன்று வசனம் இருக்கும்போது திடீரென்று ஒரு காட்சி: தேவன் தம் ஜனத்தைப் பார்த்துச் சந்தோஷத்தில் பாடுகிறார்! நாம் அவரைப் பாடுவது தெரியும். அவர் நம்மைப் பாடுகிறார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

கடைசியாகப் பவுல். எதுவும் நம்மைத் தேவனுடைய அன்பைவிட்டுப் பிரிக்க முடியாது என்று ரோமர் 8-இல் பசி, நிர்வாணம், பட்டயம் என்று அடுக்குகிறாரே, அது கற்பனைப் பட்டியல் இல்லை! 2 கொரிந்தியர் 11-ஐ எடுங்கள். ஐந்து முறை 39 அடி, மூன்று முறை கோலடி, ஒரு முறை கல்லெறி, மூன்று முறை கப்பற்சேதம், ஒரு முழு இரவும் பகலும் நடுக்கடலில். அந்த நிருபத்தைப் பெற்ற ரோமர்களின் ஊருக்குத்தான் பிறகு கைதியாகக் கப்பலேறினார். மறுபடி புயல்! பதினான்கு ராத்திரி. ஒருவரும் சாகமாட்டீர்கள், கப்பல் மட்டும் போய்விடும் என்று தூதன் சொன்னதை எல்லாருக்கும் அறிவித்தார். அப்படியே ஆனது. கப்பல் உடைந்து நொறுங்கியது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தி, தெரியாதவர்கள் பலகைகளையும் உடைந்த துண்டுகளையும் பிடித்துக்கொண்டு, 276 பேரும் மெலித்தா தீவில் கரையேறினார்கள்.

மூன்று மாதம் கழித்து வேறு கப்பல். பிறகு ரோமாபுரியை நோக்கிப் பயணம். செய்தி கேட்டு அந்த ஊர் விசுவாசிகள் சிலர் எதிர்கொண்டு அழைக்க வருகிறார்கள், மூன்று சத்திரம் வரைக்கும், இன்னும் தள்ளி அப்பியுபுரம் வரைக்கும். அப்பியுபுரம் ரோமிலிருந்து 60 கிலோமீட்டருக்கும் மேல்! நடுக்கடலில் தேவதூதனையே பார்த்த அப்போஸ்தலன், இந்தச் சாதாரண மனிதர்களைக் கண்டதும் தேவனுக்கு நன்றி சொல்லித் தைரியமடைந்தார் என்று எழுதி வைத்திருக்கிறார் லூக்கா, அப்போஸ்தலருடைய நடபடிகள் 28-ஆம் அதிகாரம் 15-ஆம் வசனத்தில்.