கேட்டால்தான் திரும்பும் பணம்

மரக்காணம் உப்பளத்தில் தை மாதம் தொடங்கும் வேலையைப் பார்க்கிற வெளியூர்க்காரர் அதை விவசாயம் என்றுதான் சொல்வார். வரப்பு கட்டுகிறார்கள், காலால் மிதித்துப் பாத்தியை இறுக்குகிறார்கள், வாய்க்காலில் நீர் விடுகிறார்கள், வெயிலில் உப்புநீரின் அடர்த்தி டிகிரி ஏறக் காத்திருக்கிறார்கள், விளைந்ததை வாரி அம்பாரம் போடுகிறார்கள். ஐப்பசி மழை முந்திக்கொண்டால் விவசாயி தலையில் கைவைப்பதுபோல இவர்களும் வைக்கிறார்கள்.

வருமான வரிச் சட்டம் மட்டும் இதை விவசாயமாக ஏற்கவில்லை. 1927இல் லிங்காரெட்டி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயம் இது. நிலத்தில் கடல்நீரைப் பாய்ச்சி எடுக்கும் உப்பிலிருந்து வரும் வருமானம் வேளாண் வருமானம் ஆகாது. வரிச் சட்டப் பாடப்புத்தகங்கள் இன்றும் அதை மேற்கோள் காட்டுகின்றன. விளைவு என்னவென்றால், பக்கத்து ஊர் நெல்வயல்காரருக்கு மத்திய அரசின் வருமான வரியும் இல்லை, நிலம் கையகப்படுத்தப்பட்டால் இழப்பீட்டில் பிடித்தமும் இல்லை. உப்பளம், மனை, கடை வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

இப்போது இதைப் பேசக் காரணம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இந்தப் பகுதி இன்று தேசிய நெடுஞ்சாலை 332ஏ. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரை 46 கிலோமீட்டரை நான்கு வழியாக்க 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பீடு 2,157 கோடி ரூபாய். சாலை அகலமானால் ஓரத்து நிலம் போகும், இழப்பீடு வரும். அதோடு, இதுவரை வருமான வரி அலுவலகம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்துகொள்ளத் தேவைப்படாத குடும்பங்களுக்கு டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) என்ற மூன்றெழுத்தும் அறிமுகமாகும்.

விவசாய நிலம் அல்லாத அசையாச் சொத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தினால் இழப்பீட்டில் 10 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் தர வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 194எல்ஏ பிரிவு வகுத்த விதி. பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். ஒருவருக்குப் பன்னிரண்டு லட்ச ரூபாய் இழப்பீடு என்று வைத்துக்கொள்வோம். பான் இருந்தால் ஒரு லட்சத்து இருபதாயிரம் போகும்; இல்லாவிட்டால் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். அவர் கட்ட வேண்டிய வரி உண்மையில் எவ்வளவு என்று அந்த நேரத்தில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பிடித்தம் முதலில், கணக்கு பிறகு.

அந்தக் கணக்கும் லேசானதில்லை. 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 96ஆம் பிரிவு, அச்சட்டப்படி தரும் இழப்பீட்டுக்கு வருமான வரி கிடையாது என்கிறது. நேரடி வரிகள் வாரியமும் 2016இல் 36ஆம் எண் சுற்றறிக்கை போட்டு அதை உறுதி செய்தது. ஆனால் நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956ஆம் ஆண்டுத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்கீழ். அந்த இழப்பீட்டுக்கும் இதே விலக்கு உண்டா என்பது உயர் நீதிமன்றங்கள் வரை போன கேள்வி. வரியே இல்லை என்றாலும், சொற்ப வரிதான் என்றாலும், பிடித்த பணம் தானாகத் திரும்பாது. ரிட்டர்ன் தாக்கல் செய்து கேட்க வேண்டும். வாழ்நாளில் ஒரு தடவைகூட ரிட்டர்ன் போடாதவர், வரி கட்ட வேண்டியதில்லை என்பதை நிரூபிப்பதற்காக முதல் ரிட்டர்னைப் போடுகிறார்!

இந்தக் கடற்கரை வேறொரு ஏற்பாட்டையும் பார்த்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு வரி, உப்பு அளத்தை விட்டு வெளியேறும் முன்பே வசூலாகிவிடும். மீனைக் கருவாடாக்க அந்த விலைக்கு உப்பு வாங்கினால் கட்டாது. அதனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணக் கடலோரத்தில் மீன் உப்பிடும் முற்றங்களை அமைத்தார்கள். மீனவர் மீனை அங்கே கொண்டுபோக வேண்டும், வரியில்லாத உப்பு அங்கேயே கிடைக்கும். கெடுபிடிகள் நிறைய இருந்தன. அந்த நிர்வாகத்தைப் புகழ எனக்கு ஆசையில்லை. ஆனாலும் 'முதலில் வரியைக் கட்டு, பிறகு மனுப் போட்டு வாங்கிக்கொள்' என்று அவர்கள் சொல்லவில்லை. திருப்பித் தர வேண்டிய பணத்தை முதலிலேயே வாங்காமல் விட்டார்கள்.

இன்றைய ரீஃபண்டுக்கு வருவோம். பெங்களூருவிலுள்ள மத்தியச் செயலாக்க மையத்தில் நாடு முழுவதன் ரிட்டர்ன்களும் பரிசீலிக்கப்படுகின்றன. 2013இல் சராசரியாக 93 நாள் பிடித்த ரீஃபண்ட் 2024இல் 17 நாளாகக் குறைந்தது என்பது அரசு வட்டாரக் கணக்கு. மாதச் சம்பளக்காரர்கள் பலர் இதற்குச் சாட்சி சொல்வார்கள். சராசரியில் சேராதவர்கள் யார் என்பதுதான் நம் விஷயம்.

பெயரிலேயே தொடங்குகிறது சிக்கல். நமக்குத் தலைப்பெழுத்து போதும். பான் அட்டையில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் தலைப்பெழுத்தைப் போட முடியாது, அப்பா பெயரை முழுதாக எழுத வேண்டும். ஆகவே வங்கிப் புத்தகத்தில் 'க. முருகன்', ஆதாரில் 'முருகன் க', பானில் 'முருகன் கண்ணன்'. மூன்றும் ஒரே ஆள் என்பது ஊருக்கே தெரியும், கணினிக்குத் தெரியாது. ரீஃபண்ட் வரவேண்டிய வங்கிக் கணக்கை வருமான வரித் தளத்தில் முன்கூட்டியே சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். பெயர் ஒத்துப்போகாவிட்டால் அது நிராகரிக்கப்படும், பணமும் போன வழியே திரும்பிவிடும். பிறகு நாமே தளத்துக்குள் போய் 'ரீஃபண்ட் ரீஇஷ்யூ' கோரிக்கை வைத்தால்தான் மறுபடி நகரும்.

அடுத்தது ஆதார் இணைப்பு. 2023 ஜூலை 1 முதல், இணைக்காத பான் செயலற்றது. ஆயிரம் ரூபாய் கட்டணம் செலுத்தி இணைக்கும்வரை ரீஃபண்ட் வராது. அந்த இடைக்காலத்துக்கு வட்டியும் கிடையாது. ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் மின் சரிபார்ப்பு செய்யாவிட்டாலும் சங்கடம்தான். போட்டாகிவிட்டது என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள், துறையின் கணக்கில் அது உரிய நாளில் போட்டதாகவே ஆகாது.

சிற்றூர்களில் இதையெல்லாம் செய்து தருவது பிரௌசிங் சென்டர்தான். "அண்ணே, ஓடிபி வந்திருக்கும் பாருங்க, சொல்லுங்க" என்பார் தம்பி. பட்டன் போனைத் தடவி எண்ணைச் சொல்வார் பெரியவர். பல இடங்களில் அந்தச் சிரமமும் வேண்டாமென்று, கடைக்காரர் தன் செல்போன் எண்ணையும் தன் மின்னஞ்சலையும் பதிந்துவிடுகிறார். பாஸ்வேர்டு அவருடைய நோட்டில் இருக்கும். ஐந்து மாதம் கழித்துத் துறை ஒரு கேள்வி அனுப்பும். 'உங்கள் பெயரில் பழைய நிலுவை ஒன்று இருக்கிறது, இந்த ரீஃபண்டை அதில் கழித்துக்கொள்ளப் போகிறோம், ஆட்சேபம் உண்டா?' 245ஆம் பிரிவுப்படி இப்படிக் கேட்காமல் கழிக்கக் கூடாது. கேட்டாகிவிட்டது. கடைக்காரரின் பெட்டியில், அவர் போட்டுக்கொடுத்த நூற்றுக்கணக்கான ரிட்டர்ன்களின் அஞ்சல்களுக்கு நடுவே அது கிடக்கும். பதில் வராவிட்டால் பணம் நிலுவைக்குப் போய்விடும். என்னைக் கேட்டால், ரீஃபண்ட் வராத ஒருவர் முதலில் பார்க்க வேண்டியது துறையின் வேகத்தை அல்ல, தளத்தில் யாருடைய செல்போன் எண் பதிவாகியிருக்கிறது என்பதை.

பழைய நிலுவைகளும் பல நேரம் பேய்க்கணக்குதான். காகிதக் காலத்துப் பதிவுகளைக் கணினியில் ஏற்றியபோது, கட்டிய வரி ஏறாமல் நிலுவை மட்டும் ஏறியவை உண்டு. 2024 பிப்ரவரி 1 இடைக்கால பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இதை ஏறக்குறைய ஒப்புக்கொண்டார். 2009-10 வரையிலான 25,000 ரூபாய்க்குட்பட்ட நிலுவைகளும், 2010-11 முதல் 2014-15 வரையிலான 10,000 ரூபாய்க்குட்பட்டவையும் கைவிடப்பட்டன. அவை நேர்மையான வரிதாரர்களுக்கு மனஉளைச்சல் தருவதோடு பின்னாளைய ரீஃபண்டுகளையும் தடுக்கின்றன என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

இழப்பீட்டு விஷயத்தில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய முள் கூட்டுப் பட்டா. தாத்தா பெயரிலோ நான்கைந்து பங்காளிகள் பெயரிலோ நிலம் இருக்கும். பணத்தைப் பிரித்துக்கொள்வார்கள், பிடித்தமோ மூத்தவருடைய பானில் மொத்தமாக ஏறியிருக்கும். தம்பி தன் ரிட்டர்னில் தன் பங்கு டிடிஎஸ்ஸைக் கேட்டால், பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் அவர் பெயரில் ஒரு பைசாகூட இருக்காது. இதற்கு விதி 37பிஏ வழி வைத்திருக்கிறது: மூத்தவர், வருமானம் இன்னின்னாருக்கு இவ்வளவு என்று பிடித்தம் செய்த அலுவலகத்துக்கு உறுதிமொழி தர வேண்டும், அவர்கள் அதன்படி டிடிஎஸ் அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். காசோலை கைக்கு வரும் முன்பே இதைச் செய்துவிட்டால் ஒரு தாளோடு முடிந்துவிடும். பிறகென்றால் திருத்த அறிக்கைக்காக நில எடுப்பு அலுவலகத்தின் படியேற வேண்டும், அதிகாரி மாறியிருப்பார், பங்காளிகளும் பேச்சுவார்த்தையில் இல்லாமல் போயிருப்பார்கள்.

பிடித்தவர் கணக்கில் காட்டாமல் விட்டால்? அதற்கு டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு பதில் இருக்கிறது. ஒரு பட்டயக் கணக்கர் எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, 2013 மார்ச் 14இல் அந்த நீதிமன்றம் துறைக்கு வரிசையாக உத்தரவுகள் போட்டது. பிடித்தவரின் தவறுக்குப் பிடிபட்டவரை அலைக்கழிக்கக் கூடாது, 245இன் கீழ் முன்னறிவிப்பு இல்லாமல் ரீஃபண்டைக் கழிக்கக் கூடாது என்பவை அவற்றின் சாரம். படிவம் 16ஏ சான்றிதழ் கையில் இருந்தால் இந்த வாதத்துக்குப் பலம். எனவே, அந்தச் சான்றிதழையும் மறக்காமல் கேட்டு வாங்குவது உத்தமம்.

வட்டி பற்றி ஒரு வார்த்தை. தாமதித்த ரீஃபண்டுக்கு 244ஏ பிரிவுப்படி மாதம் அரை சதவீதம் தனிவட்டி. முன்பு சொன்ன ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மாதம் 600 ரூபாய். கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டவருக்கு மதிப்பீட்டு ஆண்டின் ஏப்ரல் 1 முதல். பிந்தியவருக்குப் போட்ட நாளிலிருந்து. நாம் வரியைத் தாமதித்தால் மாதம் ஒரு சதவீதம், அதாவது இரட்டிப்பு. இந்த ஓரவஞ்சனை 2003 செப்டம்பரிலிருந்து அப்படியே இருக்கிறது. கிடைக்கிற வட்டியும் வருமானம்தான், அதற்கும் வரி உண்டு.

இந்த வட்டியை நிலைநாட்டிய வழக்கு ஒன்றைத் தொடுத்தது, வேடிக்கையாக, ஓர் உப்புக் கம்பெனி. டாடா கெமிக்கல்ஸ் தன் உரத் தொழிற்சாலை வேலைக்காக ஒரு டென்மார்க் நிறுவனத்துக்குக் கொடுத்த பணத்தில் துறை சொன்னபடி வரி பிடித்துக் கட்டியது. மேல்முறையீட்டில் ஒரு பகுதி தேவையில்லாத பிடித்தம் என்றானது. துறை அசலைத் திருப்பிக் கொடுத்து வட்டியை மறுத்தது. 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், உரிமையில்லாமல் பிறர் பணத்தை வைத்திருந்து பயன்படுத்திய அரசு அதற்கு ஈடு செய்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மூட்டைக் கணக்கில் உப்பு விற்பவர் உச்ச நீதிமன்றம் வரை போக முடியாது. அந்தத் தீர்ப்பின் பலனை அவரும் கோரலாம்.

தாமதம் என்று எப்போது சொல்லலாம் என்பதிலும் சட்டத்தின் காலண்டர் வேறு. ரிட்டர்ன் தாக்கலான நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதம் வரை 143(1) பிரிவில் பரிசீலிக்க அவகாசம் உண்டு. 2025 செப்டம்பரில் போட்டவருக்கு 2026 டிசம்பர் 31 வரை. 2025 நவம்பரில் பல ரீஃபண்டுகள் நின்றபோது, தவறான கழிவுகள் கோரியவர்களைச் சலிக்கிறோம் என்றார் நேரடி வரிகள் வாரியத் தலைவர் ரவி அகர்வால். சலிப்பது நியாயம்தான். மழைக்காலத்தில் கைவேலை இல்லாத வீட்டில் அந்தப் பணம் எதற்குக் காத்திருக்கிறது என்பது சல்லடைக்குத் தெரியாது. அந்த மழை எப்படிப்பட்டது என்றால், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில் ஏறியபோது மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது.

காத்திருப்பவரைத் தேடி வேறொரு கூட்டமும் வரும். 'உங்கள் ரீஃபண்ட் தயார், இந்த இணைப்பைத் தட்டி வங்கி விவரம் தாருங்கள்' என்ற குறுஞ்செய்தி. பின் எண், ஓடிபி, கார்டு விவரம் எதையும் துறை கேட்பதில்லை. தட்ட வேண்டாம்.

புகார் சொல்ல முன்பு வருமான வரி ஆம்புட்ஸ்மேன் என்று ஒருவர் இருந்தார். 2019 பிப்ரவரியில் அந்தப் பதவியை அமைச்சரவை ஒழித்துவிட்டது. இணையத்தில் முறையிட வழி இருக்கிறது என்பது காரணம். ஆகவே தளத்தின் குறைதீர்ப்புப் பகுதியிலும், அதில் பலனில்லாவிட்டால் மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளத்திலும் பதிய வேண்டும். இரண்டுக்கும் ஒப்புகை எண் தருவார்கள்.

ரிட்டர்னே போடாமல் ஆண்டுகள் ஓடிவிட்டவர்களுக்கும் கதவு முழுதாக அடைக்கவில்லை. 119(2)(பி) பிரிவில், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுமாறு ஆணையருக்கு மனுக் கொடுக்கலாம். 2024 அக்டோபர் 1 சுற்றறிக்கைப்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் மனு போக வேண்டும். ஒரு கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை ஆணையர் நிலையிலேயே முடிக்கலாம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறை என்றாலும் முந்தைய ஆண்டுகளின் கணக்குப் பழைய சட்டத்தோடுதான். 2020-21 நிதியாண்டில் பணம் பிடிபட்டு இன்னும் கேட்காமல் இருப்பவருக்குக் கடைசி நாள் 2027 மார்ச் 31.