இரண்டு கோடு விழுந்த பிறகு

கல்யாணமாகி மூன்று மாதம் முடிவதற்குள் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்கத் தொடங்கிவிடும் ஊர் நம்முடையது. அதனால் எதிர்பாராமல் கரு தங்கிவிட்ட பெண், சந்தோஷத்தைத் தவிர வேறெதையும் முகத்தில் காட்ட முடிவதில்லை. அவள் வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருக்கலாம், படிப்பு பாதியில் இருக்கலாம், கணவனோடு இன்னும் மனம்விட்டுப் பேசிப் பழகாமல்கூட இருக்கலாம். கல்யாணமாகாத பெண்ணின் நிலை இதைவிட மோசம். அவளால் யாரிடமும் வாயைத் திறக்கவே முடியாது. அவள் நிதானித்து யோசிக்கும் முன்பே, முதல் சில வாரங்களில் சுற்றியிருப்பவர்கள் முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆனால் சட்டம் அந்த முடிவில் அவள் சம்மதத்தைத்தான் கேட்கிறது. அது தெரியாததால் வீணாகும் நாட்கள் அவள் உடலைப் பாதிக்கின்றன.

முதலில் வாரக் கணக்கு. கர்ப்ப வாரத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். நாள் தள்ளிய அன்றே நான்கு வாரம் ஆகியிருக்கும். இரண்டு வாரம் தயங்கினால் ஆறு. காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரில் பரிசோதித்தால் முடிவு தெளிவாகத் தெரியும். ஒரே கோடு விழுந்து, மாதவிடாயும் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்களுக்குத் தேதிக் கணக்கு உதவாது, ஸ்கேன்தான் சொல்லும். கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா என்பதையும் ஸ்கேன் காட்டும். நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டில் கரு, கருக்குழாயிலேயே தங்கிவிடுகிறது. அடிவயிற்றில், பெரும்பாலும் ஒரு பக்கமாக வலி, இரத்தக்கசிவு, தலைச்சுற்றல், தோள்பட்டை நுனியில் வலி இவை வந்தால் 108-ஐ அழையுங்கள். மாமியார் வரட்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குழாய் வெடித்தால் உயிர் போகும்.

பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்று முடிவாகாத நாட்களிலும் சிலவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. ஃபோலிக் அமிலம் அதில் ஒன்று. நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் ஆறாவது வாரத்தை ஒட்டியே மூடிவிடுகிறது. அதனால்தான் இந்த அவசரம். மாத்திரை சாப்பிட்டதால் பெற்றே தீர வேண்டும் என்றாகிவிடாது. வலிப்பு, தைராய்டு, இரத்த அழுத்தம் என ஏதாவது மருந்து எடுப்பவர்கள் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்தக் கூடாது. வலிப்பு மருந்துகளில் வால்ப்ரோயேட் கருவைப் பாதிக்கும், மாற்றித் தருவார்கள். தைராய்டு மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டிவரும். இரத்த வகை நெகட்டிவ் என்றால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மசக்கை ஆறாவது வாரத்தில் தொடங்கி, எட்டு முதல் பத்தாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், பலருக்கு நான்காம் மாதத்தில் அடங்கிவிடும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் கறுத்துக் குறைந்துவிட்டது என்றால் அது வெறும் மசக்கை இல்லை. டிரிப் ஏற்ற வேண்டிய நிலை. "நாங்கல்லாம் பெத்துக்கலையா?" என்ற பேச்சைக் கேட்டுப் படுத்துக்கிடக்காதீர்கள்.

இனி சட்டம். மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971-ல் வந்தது, 2021-ல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு தகுதி பெற்ற மருத்துவரின் கருத்து போதும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், சிறுமிகள், கர்ப்பகாலத்தில் கணவனை இழந்தவர்கள், விவாகரத்தானவர்கள் போன்றோருக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு 24 வாரம் வரை அனுமதி உண்டு. கருத்தடை முறை தோற்றதும் ஏற்கத்தக்க காரணமே. 2021 திருத்தத்துக்கு முன்பு இந்த இடத்தில் கல்யாணமான பெண்ணையும் கணவனையும் மட்டுமே சட்டம் சொன்னது. இப்போது "பெண் அல்லது அவரது இணை" என்கிறது. கல்யாணமாகாத பெண்ணுக்கும் 24 வார வரம்பு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது.

பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே தேவை. கணவன் கையெழுத்து தேவையில்லை, பெற்றோர் கையெழுத்தும் தேவையில்லை. ஆனாலும் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா" என்று திருப்பி அனுப்பும் மருத்துவமனைகள் இருக்கின்றன. இது என்னைக் கோபப்படுத்துகிறது, ஏனென்றால் அப்படித் திரும்பும் பெண் அடுத்துப் போய் நிற்பது பெரும்பாலும் மருந்துக்கடையில். பெண்ணின் பெயரையும் விவரங்களையும் வெளியே சொல்லும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இன்னொரு பக்கமும் இருக்கிறது: பெண்ணின் சம்மதமில்லாமல் கருவைக் கலைக்கச் செய்தால் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 89-ஆம் பிரிவின்படி ஆயுள் தண்டனைகூடக் கிடைக்கும். அவள் வேண்டும் என்று நினைக்கும் கருவை எவரும் வற்புறுத்திக் கலைக்க முடியாது.

பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்ணுக்குப் பாதுகாவலர் சம்மதம் தேவை. போக்சோ சட்டப்படி மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும். ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரையும் அடையாளத்தையும் அதில் சொல்லத் தேவையில்லை என்று மேலே சொன்ன 2022 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொல்கிறது. போலீஸ் வருமே என்று பயந்து ஒளித்து வைப்பதால்தான் பல சிறுமிகள் ஆறாம் மாதத்தில் மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

"முதல் கருவைக் கலைச்சா அப்புறம் தங்கவே தங்காது" என்ற பேச்சைக் கேட்காத பெண் நம்மிடையே அரிது. முறையான இடத்தில், தகுதி பெற்ற மருத்துவர் செய்யும் கருக்கலைப்பு பிற்காலத்தில் குழந்தைப்பேற்றைத் தடுப்பதில்லை. கிருமித்தொற்று ஏற்பட்டுக் குழாய் அடைபடுவதுதான் ஆபத்து; அது பாதுகாப்பற்ற கலைப்பில்தான் பெரும்பாலும் நேர்கிறது. எருக்கங்குச்சி வைத்த காலம் போய்விட்டது என்று நினைக்கிறோம். அந்த இடத்தில் இன்று சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரை வந்து உட்கார்ந்திருக்கிறது. மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் இரண்டும் நல்ல மருந்துகளே. ஒன்பது வாரம் வரை, மருத்துவர் பார்த்துத் தந்தால் பாதுகாப்பானவை. ஆனால் கரு குழாயில் இருந்தால் இவை வேலை செய்யாது. மாத்திரை போட்டாயிற்று என்ற நிம்மதியில் அபாய அறிகுறிகளைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். பெரிய நாப்கின் மணிக்கு இரண்டு வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, காய்ச்சல் நிற்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கருவியால் செய்வதாக இருந்தால் வெற்றிட உறிஞ்சு முறை இருக்கிறதா என்று கேளுங்கள். சுரண்டி எடுக்கும் பழைய முறையை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. பப்பாளிக்காயும் எள்ளுருண்டையும் கருவைக் கலைப்பதில்லை, நாளைத்தான் கடத்துகின்றன.

பெற்றுக்கொள்வது என்று முடிவானால், 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்து பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் தரும் 18,000 ரூபாயும் (அதில் ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகம்) இந்தப் பதிவிலிருந்தே தொடங்குகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. கரு தானாகக் கலைந்தாலும், சட்டப்படி கலைத்தாலும் ஆறு வாரம் உண்டு. இந்த ஆறு வாரத்தைப் பல பெண்கள் கேட்பதே இல்லை. அறியவந்த கர்ப்பங்களில் பத்தில் ஒன்று முதல் இரண்டு வரை தானாகவே கலைகின்றன. பெரும்பாலும் காரணம் குரோமோசோம் கோளாறு. மாடிப்படி ஏறியதோ பஸ்ஸில் போனதோ "வேண்டாம்" என்று ஒரு நாள் நினைத்ததோ இல்லை.

பெற்று, வளர்க்க முடியாத நிலை வந்தாலும் வழி இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் முறைப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. குப்பைத்தொட்டிக்கு அவசியமே இல்லை.

தூக்கம் போய், அழுகை நிற்காமல், சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் 14416-ல் டெலிமானஸ் மனநல ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. வீட்டில் அடி, மிரட்டல் என்றால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். மருத்துவமனை கணவன் கையெழுத்துக்காகத் திருப்பி அனுப்பினால், மறுப்பதற்கான காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். 104 சுகாதார உதவி எண்ணிலும், மாவட்ட மருத்துவ இணை இயக்குநரிடமும் புகார் சொல்லுங்கள். ஆனால் புகாரின் முடிவுக்காகக் காத்திராமல் அன்றே வேறு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்கு இலவசச் சட்ட உதவி உரிமை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அதைத் தரும். தொலைபேசி எண் 15100.