மின்சாரம் போனாலும் குளிரும் பெட்டி

"கரண்ட் போய்ப் போய் வருகிற ஊர். இங்கே வைத்திருக்கும் தடுப்பூசி கெடாமல் இருக்குமா?" ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் கைக்குழந்தையோடு நிற்கும் பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. நியாயமான சந்தேகம்தான்.

சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் இந்த நிலையங்கள் அமைக்கப்படுகின்றன. காய்ச்சல் மாத்திரை, பிரசவம், நாய்க்கடி ஊசி, மாதாமாதம் வாங்கும் சர்க்கரை, பிரஷர் மாத்திரை என்று மக்கள் வருவதற்குக் காரணங்கள் பல. சீட்டு வரிசையில் நிற்பவர் கண்ணில் படாத ஓர் அறையில், சுவரை ஒட்டாமல், மேல்பக்கம் திறக்கும் வெள்ளைப் பெட்டி ஒன்று இருக்கும். பார்வைக்கு ஐஸ்கிரீம் கடைப் பெட்டி மாதிரிதான். ஊழியர்கள் அதை 'ஐ.எல்.ஆர்.' என்பார்கள். ஐஸ் லைன்ட் ரெஃப்ரிஜிரேட்டர் என்பதன் சுருக்கம்.

இதன் வேலை, உள்ளே வெப்பநிலையை 2 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமலும் 8 டிகிரிக்கு மேல் போகாமலும் வைத்திருப்பது. உட்சுவரைச் சுற்றிலும் தண்ணீர் அடைத்த உறைகளோ குழாய்களோ இருக்கின்றன. மின்சாரம் இருக்கும்போது அந்தத் தண்ணீர் ஐஸாகிவிடும். மின்சாரம் போனால் ஐஸ் மெல்ல உருகும். 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ ஐஸ் உருகி முடிக்க எடுத்துக்கொள்ளும் வெப்பம், அதே அளவு தண்ணீரை 0-விலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கப் போதுமானது. வெளியிலிருந்து வரும் வெப்பத்தையெல்லாம் ஐஸே வாங்கிக்கொள்வதால் மருந்துக்குச் சூடு எட்டுவதில்லை. ஒரு நாளில் 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலே இந்தப் பெட்டிக்குப் போதும். கதவு மேலே இருப்பதற்கும் காரணம் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது. மூடியைத் திறந்தாலும் அடியிலேயே தங்கிவிடும். வீட்டு ஃபிரிட்ஜில் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது காலடியில் கொட்டிவிடுகிறது. தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவே ஊசி மருந்தையும் செருகி வைக்கும் கடை ஃபிரிட்ஜைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

தடுப்பூசிக்குச் சூடுதான் எதிரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். எல்லா மருந்துக்கும் அப்படியில்லை. வாய்வழி போலியோ மருந்து சூட்டில் சீக்கிரம் வீரியம் இழக்கும். உறைந்தால் ஒன்றும் ஆகாது. பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ்-பி போன்றவற்றில் அலுமினிய உப்பு சேர்ந்திருக்கிறது. ஒருமுறை உறைந்தால் அந்த உப்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும், மருந்தும் வீணாகிவிடும். அதனால் போலியோ மருந்து பெட்டியின் அடியிலும், இவை மேலே தொங்கும் கூடையிலும் இருக்கும்.

உறைந்ததா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதே தொகுப்பைச் சேர்ந்த ஒரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைத்து உருக்குவார்கள். அதையும் சந்தேகப்படும் குப்பியையும் சேர்த்துக் குலுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், உறைந்ததில் வண்டல் விரைவாக அடியில் இறங்கி மேலே தெளிந்துவிடும். கெடாதது கலங்கலாகவே இருக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் தெளிந்தால் சந்தேகத்துக்குரியதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். 'ஷேக் டெஸ்ட்' என்று பெயர்.

சூடு பட்டதைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். குப்பியில் ஊதா வட்டம் ஒன்றும் அதற்குள் வெளிர்நிறச் சதுரம் ஒன்றும் அச்சிட்டிருக்கும். சூடு சேரச் சேர சதுரம் கருக்கும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்த மருந்தைப் போடக் கூடாது. 1996-இல் முதன்முதலில் வாய்வழி போலியோ மருந்துக் குப்பியில்தான் இதை ஒட்டினார்கள். இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார். சொட்டு மருந்து கொடுத்தவர்களைப் பாராட்டுகிறவர்கள் அந்தச் சதுரத்தையும் இந்தப் பெட்டியையும் மறந்துவிடுகிறார்கள். ஆனால் சதுரம் சூட்டை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது.

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். காலையில் டீப் ஃப்ரீஸரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்குகளை அப்படியே மருந்தோடு வைத்துவிட முடியாது. ஓரத்து மருந்து உறைந்துவிடும். மேசைமேல் பரப்பி, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை காத்திருந்து, ஈரத்தைத் துடைத்த பிறகுதான் நான்கு பேக்குகள் வேக்சின் கேரியருக்குள் போகும். கிராம சுகாதார செவிலியர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்கோ அங்கன்வாடிக்கோ கிளம்புவார். தட்டம்மை-ரூபெல்லா குப்பியைத் திறந்தால் 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதால் திறந்த நேரத்தைக் குப்பியிலேயே எழுதிவிடுவார். மிச்சம் வீணாகுமே என்று, தனியாக வந்த ஒரு குழந்தையைத் திருப்பி அனுப்பக் கூடாது.

பெட்டியின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. இப்போது சிம் கார்டு பொருத்திய உணர்கருவிகளும் வந்துவிட்டன; அளவு தப்பினால் பொறுப்பாளரின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். பெட்டியே பழுதானால் மருந்தையெல்லாம் ஐஸ் பேக் அடுக்கிய கோல்டு பாக்ஸுக்கு மாற்றி, பக்கத்து நிலையத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.