திறக்கக் கூடாத பெட்டி!

உச்சி வெயில் நேரம். மதுரை கே.கே. நகரில், மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில், ஒரு சின்னஞ்சிறு செல்போன் பழுதுபார்க்கும் கடையின் முன்னால் நாம் நின்றிருந்தோம். ஆட்டோ ஓட்டும் தோழர் ஒருவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்தார். கையில் இருந்த போனை மேசை மீது வைத்தார்.

"தம்பி, மத்தியானத்துக்குள்ள உசுரு போயிருது. என்னன்னு பாரு."

கடைக்காரத் தம்பி பார்த்தார். "அண்ணே, போன்ல ஒரு கோளாறும் இல்ல. பேட்டரிதான் தேஞ்சு போச்சு."

"அப்ப பேட்டரிய மாத்திக் குடு."

"மாத்தலாம்ணே. ஆனா மூடியப் பசை போட்டு ஒட்டியிருக்கான். சூடு காட்டித்தான் பிரிக்கணும். பிரிக்கையில டிஸ்பிளே போச்சுன்னா நான் பொறுப்பில்ல. சம்மதம்னாத்தான் கை வைப்பேன்."

ஆட்டோத் தோழர் போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நம் பக்கம் திரும்பி, "தோழர், இது நான் காசு குடுத்து வாங்குன சாமான்தான?" என்று கேட்டார்.

எளிய கேள்விதான். ஆனால் உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகள் இதற்கு நேரான பதில் சொல்ல மாட்டா. ஆகவே நாமே பதில் தேட வேண்டியிருக்கிறது.

தேயும் பொருள் தேயத்தான் செய்யும்

மண்வெட்டிக்குக் காம்பு ஒடிந்தால் காம்பை மாற்றுகிறோம். சைக்கிளுக்கு ட்யூப் கிழிந்தால் ட்யூபை மாற்றுகிறோம். நம் மதுரையின் ஹார்வி மில்லில் கதிர் தேய்ந்தபோது கதிரைத்தான் மாற்றினார்களே தவிர, மில்லையே இடித்துவிட்டு வேறு மில் கட்டவில்லை! தேயும் உறுப்பைத் தனியே கழற்றி மாற்றும்படி செய்வதுதான் தொழிலறிவின் அரிச்சுவடி.

செல்போனில் தேயும் உறுப்பு பேட்டரி. லித்தியம் பேட்டரியை ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் அதன் கொள்ளளவு சிறிது குறைகிறது. இது ரசாயன விதி. ஐபோன் 14 வரையிலான போன்களின் பேட்டரி, 500 முறை முழுதாக ஏற்றி இறக்கிய பிறகு 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்கும்படி அமைக்கப்பட்டது என்று ஆப்பிள் கம்பெனியே சொல்கிறது. நாள்தோறும் முழு பேட்டரியையும் தீர்க்கும் உழைப்பாளிக்கு 500 நாள் என்பது ஒன்றரை ஆண்டுகூட இல்லை. சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பேட்டரி நிரந்தரமாகப் பாழாகக்கூடும் என்றும் அதே கம்பெனி எச்சரிக்கிறது. 35 டிகிரி! சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும் மதுரையில், ஆட்டோவின் முன்கம்பியில் வெயிலுக்கு நேராக மாட்டிய போனின் கதி என்னவாகும்?

ஆக, பேட்டரி தேயும் என்பது செய்கிறவனுக்கும் தெரியும், விற்கிறவனுக்கும் தெரியும். தெரிந்தேதான் அதை உள்ளே வைத்துப் பூசி மெழுகியிருக்கிறார்கள்.

அன்று பேட்டரி, இன்று போனே!

அன்று எப்படி இருந்தது? 2007 ஆகஸ்டில் நோக்கியா கம்பெனி ஓர் அறிவிப்புக் கொடுத்தது. பி.எல்.5சி என்ற அதன் பேட்டரிகளில், ஜப்பானின் மட்சுஷிதா கம்பெனி தயாரித்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் மிகையாகச் சூடேறக்கூடும் என்பதுதான் அறிவிப்பு. இந்தியாவெங்கும் மக்கள் பதறினார்கள். ஆனால் செய்ய வேண்டியது என்ன? நகத்தால் மூடியைத் தள்ளி, பேட்டரியை எடுத்து, அதன் எண்ணைப் பார்த்து, பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். போன் நம் கையிலேயே இருந்தது.

ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 2016-ல் சாம்சங் கம்பெனியின் நோட் 7 என்ற போன்களில் பேட்டரி தீப்பிடித்தது. அந்த பேட்டரியைக் கழற்ற வழியில்லை. எனவே போன் முழுவதையுமே திருப்பித் தரச் சொன்னார்கள். செப்டம்பரில் மட்டும் 25 லட்சம் போன்கள். மாற்றிக் கொடுத்த போன்களும் தீப்பிடித்தன. அக்டோபரில் அந்தப் போனின் உற்பத்தியையே நிறுத்தினார்கள்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தோழர்களே! முன்னதில் மாற்றப்பட்டது ஒரு சிறு பேட்டரி. பின்னதில் திரும்பப் போனது முழுப் போன். இடைப்பட்ட ஒன்பது ஆண்டில் விஞ்ஞானம் முன்னேறியது உண்மை. ஆனால் வாங்கியவனின் உரிமை பின்னேறிவிட்டது!

2007-ல் வந்த முதல் ஐபோனிலேயே பேட்டரி அடைபட்டிருந்தது. 2015-ல் சாம்சங் தன் கேலக்ஸி எஸ்6 போனில் பேட்டரிக் கதவையும் மூடியது, மெமரி கார்டு போடும் சந்தையும் அடைத்தது. பெரியவர்கள் போன வழியில் மற்றவர்களும் போனார்கள். இன்று கடைக்குப் போய், "பேட்டரி கழற்றுகிற ஸ்மார்ட்போன் இருக்கிறதா?" என்று கேட்டால், கேட்கிறவரை விசித்திரப் பிராணியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

தண்ணீர் புகுமாம்!

ஏன் மூடினீர்கள் என்றால், "தண்ணீர் புகாமல் இருக்க" என்கிறார்கள். சரி, இந்த வாதம் நிற்கிறதா என்று பார்ப்போம். 2014-ல் இதே சாம்சங் வெளியிட்ட கேலக்ஸி எஸ்5 போனில் பின்மூடி கழன்றது, பேட்டரி கழன்றது, மெமரி கார்டு போட இடமிருந்தது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும் தரமும் இருந்தது. முடியாது என்று சொல்கிற காரியத்தை அவர்களே செய்து காட்டியிருக்கிறார்கள்!

அதற்குப் பிறகும் செய்தார்கள். எக்ஸ்கவர் என்ற வரிசைப் போன்களில் பேட்டரியைக் கழற்றி மாற்றலாம், தண்ணீரும் புகாது. 2024-ல் எக்ஸ்கவர் 7 இந்தியாவுக்கும் வந்தது. ஆனால் யாருக்காக? மொத்தமாக வாங்கும் கம்பெனிகளை முன்னிறுத்தி! முதலாளியின் கிடங்குக்குக் கழற்றும் பேட்டரி, தொழிலாளியின் சட்டைப் பைக்குக் கழற்ற முடியாத பேட்டரி. இதற்குப் பெயர் விஞ்ஞானமா, வியாபாரமா?

"போன் மெல்லிசாக இருக்க வேண்டாமா?" என்பது அடுத்த வாதம். மெல்லிசாக இருந்தால் நல்லதுதான். ஆனால் மெல்லிய போனை வாங்கிவிட்டு, செங்கல் போன்ற பவர் பேங்க்கையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிச் சுமக்கிறோமே, அப்போது அந்த மெலிவு எங்கே போகிறது?

கார்டுக்கும் கதவடைப்பு

மெமரி கார்டின் கதையைக் கேளுங்கள். 2023 செப்டம்பரில் ஐபோன் 15 இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது, 128 ஜி.பி. போனின் விலை 79,900 ரூபாய். 256 ஜி.பி. வேண்டுமென்றால் 89,900. அதாவது இன்னொரு 128 ஜி.பி.க்குப் பத்தாயிரம் ரூபாய். அதே காலத்தில் 128 ஜி.பி. மெமரி கார்டு கடையில் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது. உள்ளே பதித்த நினைவகம் கார்டைவிட வேகமானது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையின் பள்ளிக்கூடப் பாடத்தையும், தங்கச்சி கல்யாணப் படத்தையும், சங்கக் கூட்டத்துப் பேச்சையும் சேர்த்து வைக்க அந்த வேகம் எதற்கு? கார்டு இருந்தால் பழைய போனிலிருந்து கழற்றிப் புதிய போனில் போடலாம். போன் செத்தாலும் படம் பிழைக்கும். கார்டு இல்லையென்றால், இடம் நிறைந்ததும் மாதச் சந்தா கட்டி அவர்களிடமே இடம் வாடகைக்கு எடு என்கிறார்கள். வாங்கியவனை வாடகைதாரனாக்கும் வித்தை இது!

பழைய தந்திரம்

இது புதிய தந்திரமல்ல. 1924-ல் ஜெர்மனியின் ஆஸ்ராம், ஹாலந்தின் பிலிப்ஸ் முதலிய மின்விளக்குக் கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி 'ஃபீபஸ்' என்ற கூட்டணியை அமைத்தன. அதுவரை 1,500 மணி, 2,000 மணி எரிந்த பல்பை 1,000 மணியில் அணையும்படி செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. அதிகம் எரியும் பல்பைச் செய்த கம்பெனிக்கு அபராதம்! நல்ல சரக்குச் செய்தவனுக்குத் தண்டனை. இதுதான் ஏகபோகத்தின் நீதி.

நம் காலத்திலும் கண்டோம். பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணையாமல் இருக்கவே செய்தோம் என்றது. ஆனால் வாங்கியவர்களிடம் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. பேட்டரியை மாற்றினால் தீரும் கோளாறு என்று அறியாமல், போன் பழசாகிவிட்டது என்று எண்ணிப் புதுப் போன் வாங்கியவர்கள் எத்தனை பேரோ! 2020-ல் பிரான்ஸ் 2 கோடியே 50 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. எதிர்ப்பு எழுந்ததும் அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணம் ஓராண்டுக்கு 29 டாலராக இறங்கியது. கேட்டால் இறங்கும் விலை, கேட்காதவரை இறங்காது என்பதுதான் இதில் நமக்குள்ள பாடம்.

கருவி செத்தால் கூலி சாகும்

"செல்போன் ஆடம்பரந்தானே, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?" என்று சில தோழர்கள் கேட்கலாம். ஆடம்பரமாக இருந்த காலம் போய்விட்டது. ஆட்டோவுக்குச் சவாரி போனில் வருகிறது. சாப்பாடு கொண்டு சேர்க்கும் இளைஞருக்கு வேலையே போனில் வருகிறது. கொத்தனாருக்குக் கூலியும் போனில் வருகிறது. 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலைத் திட்டத்தில், பணித்தள வருகைப் பதிவுக்குப் போனில் படம் பிடித்து அனுப்புவதைக் கட்டாயமாக்கினார்கள். காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். பிற்பகல் படத்துக்கு முன் அந்த ஒரு போன் அணைந்துபோனால், கண்மாய்க் கரையில் மண் சுமந்த அத்தனை பெண்களின் வருகையும் தொங்கலில் நிற்கும். இப்படி உழைப்பாளியின் கருவியாகிவிட்ட பொருளை, உழைப்பாளி திறக்கக்கூடாத பெட்டியாக்கியதுதான் நம் வழக்கு.

இன்னொரு வேதனையும் உண்டு. இந்தப் பெட்டியைச் செய்வதே நம் பிள்ளைகள்தாம்! 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் ஆயிரக்கணக்கானவர்களை நடுத்தெருவில் விட்டுவிட்டு மூடிக்கொண்டது. இன்று அதே வட்டாரத்தில் ஐபோன்களை இணைப்பது பாக்ஸ்கான் ஆலை. கெட்ட உணவால் விடுதித் தோழியர் நோயில் விழ, 2021 டிசம்பரில் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடினார்களே, அந்தப் பெண்கள் வேலை செய்த ஆலை அது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தமிழ்க் கை பெட்டியை மூடுகிறது, கே.கே. நகரில் இன்னொரு தமிழ்க் கை அதைத் திறக்க அஞ்சுகிறது. மூடிய கையும் கூலிக் கை, திறக்கும் கையும் கூலிக் கை. பசை மட்டும் கம்பெனியின் உத்தரவு!

அந்தக் கடைத் தம்பியின் பிழைப்பை எண்ணிப் பாருங்கள். சில வகை ஐபோன்களில் வெளிக்கடையில் பேட்டரி மாற்றினால், இது அசல்தானா என்று தெரியவில்லை என்று போனே திரையில் எழுதிக் காட்டும். கைத்தொழிலைக் கற்றவன் கள்ளனைப்போல் நிறுத்தப்படுகிறான்.

சட்டம் எங்கே?

முடியாதா? முடியும். 2021 ஜனவரி முதல், போன் பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்பதற்கு மதிப்பெண் போட்டு விற்க வேண்டும் என்று பிரான்ஸ் சட்டம் செய்தது. 2025 ஜூன் 20 முதல், போன் விற்பனையை நிறுத்திய பிறகும் 7 ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிப் பாகங்கள் கிடைக்க வேண்டும் என்று ஐரோப்பிய யூனியன் விதித்தது. சிறு சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்பதற்கு 2027 பிப்ரவரி 18-ஐ நாளாகக் குறித்தது. நீண்ட நாள் உழைக்கும் பேட்டரியும் தண்ணீர் புகாத அமைப்பும் உள்ள போன்களுக்கு அதில் விலக்கு என்ற சந்து உண்டு என்பதையும் நாம் மறைக்கவில்லை. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம், வெளிக்கடையில் மாற்றிய உறுப்பைப் போன் ஏற்க மறுக்கும்படி செய்யும் தந்திரத்துக்கு 2024-ல் தடைச் சட்டம் செய்தது.

நம் மத்திய அரசாங்கம் என்ன செய்தது? 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு போட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 24-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையத்தளம் திறந்தது. 2025 மே மாதம், போன்களுக்கு மதிப்பெண் போடும் முறைபற்றி இன்னொரு குழு அறிக்கை தந்தது. குழு நல்லது, அறிக்கையும் நல்லது. ஆனால் அறிக்கையைக் காட்டினால் பசை இளகாது. அதற்குச் சட்டம் வேண்டும்!

நாம் கேட்பது நான்கே. பேட்டரியைச் சாதாரணத் திருப்புளியால் கழற்றும்படி இருக்க வேண்டும். அசல் உறுப்புகள் நியாய விலையில் எல்லாப் பழுதுக் கடைக்கும் கிடைக்க வேண்டும். மாற்றிய உறுப்பைப் போன் மறுக்கக் கூடாது. மெமரி கார்டுக்கு இடம் வேண்டும். இந்த நான்கையும் ஆட்டோ சங்கக் கிளையும் பழுதுபார்ப்போர் சங்கமும் தீர்மானமாக்க வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதைத் தில்லியில் எழுப்ப வேண்டும். அதுவரை, போன் வாங்கப் போகும் ஒவ்வொரு தோழரும் விலையைக் கேட்குமுன், "பேட்டரி மாற்ற என்ன செலவு? கார்டு போட இடம் உண்டா?" என்று கேட்க வேண்டும். ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். ஆயிரம் பேர் கேட்டால் கம்பெனிக்குக் கடிதம் எழுதுவார்.

அன்று அந்த ஆட்டோத் தோழர் போனைத் திறக்கச் சம்மதிக்கவில்லை. டிஸ்பிளே போனால் புதுப் போனுக்குக் கடன் வாங்க வேண்டும். கடையிலேயே கால் மணி நேரம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, அந்த நேரத்தில் வந்திருக்கக்கூடிய சவாரியையும் இழந்துவிட்டு, மாட்டுத்தாவணிப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

அவருடைய கேள்விக்கு நம் பதில் இதுதான்: ஆம் தோழரே, காசு கொடுத்து வாங்கிய சாமான் உம்முடையதுதான். அதைத் திறக்கும் உரிமையும் உம்முடையதாக வேண்டும். கேட்டால் கிடைக்காது, சேர்ந்து கேட்டால் கிடைக்கும்!