பலகையில் இருக்கும் பெயர்



தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி சித்த மருத்துவ நிறுவனத்துக்கு நம்மில் பலர் போயிருக்கிறோம். அங்குள்ள மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர். ஓ.பி. வரிசையில் நிற்பவரைக் கேட்டால் பெரிய வைத்தியர் என்பார். வைத்தியர்தான். ஆனால் பலகை பாதியைத்தான் சொல்கிறது.

1845இல் பிறந்தபோது அவர் பெயர் காத்தவராயன். தன் ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனார். 1891இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டினார்.

அடுத்த ஆண்டு விக்டோரியா ஹாலில் நடந்ததை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சென்னை மகாஜன சபையின் கூட்டம். கோயிலுக்குள் எங்கள் மக்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டார். சிவனும் விஷ்ணுவும் உங்களுக்குரிய தெய்வங்கள் அல்ல என்று தஞ்சாவூர்ப் பிரதிநிதி ஒருவர் எதிர்த்தார். அப்படியானால் அந்தத் தெய்வங்களே எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வியும் தரிசு நிலமும் கொடுங்கள் என்றார். சாமியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் நிலத்துக்கும் கோரிக்கை நகர்ந்த நேரம் அது.

நிலம் என்றதும் நமக்கு நம் மாவட்டம் நினைவுக்கு வர வேண்டும். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் இங்குள்ள பறையர்களின் நிலை பற்றி 1891இல் அறிக்கை எழுதினார். அதையொட்டி 1892 செப்டம்பர் 30இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதன்வழி வந்ததுதான். அதை மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. நிபந்தனை தாளில் இருக்கிறது. இன்று புறநகரில் மனை விலை ஏறியிருக்கும்போது தாய்ப்பத்திரத்தைத் தேடிப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

1898இல் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907 ஜூன் 19, புதன்கிழமை, 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. நான்கு பக்கம், விலை ஒரு பைசா. மறு ஆண்டே 'தமிழன்' ஆனது. இந்திரர் தேச சரித்திரம் அதில்தான் தொடராக வந்தது. தீண்டாமைக்கு ஆளான நாம் பழைய பௌத்தர்கள் என்பது அதன் வாதம். கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாதவர்கள் சுயராஜ்யம் கேட்கிறார்களே என்று சுதேசிகளையும் விடவில்லை. கோலார் தங்கவயல் தொழிலாளர்களும் ரங்கூன் தமிழர்களும் அதைப் படித்தார்கள்.

அவரை நாம் கும்பிட வேண்டியதில்லை. வெள்ளையர் ஆட்சியை அளவுக்கு மீறி நம்பினார். சக ஒடுக்கப்பட்ட சாதிகள் சிலவற்றைத் தாழ்த்தியும் எழுதினார். அதையும் மறைக்காமல் படிக்க வேண்டும்.

1914 மே 5இல் இறக்கும்வரை இதழ் நடத்தினார். பிறகு ஏறக்குறைய மறக்கப்பட்டார். பழைய வாசகர் குடும்பங்கள் பாதுகாத்த பிரதிகளைத் தேடித் திரட்டி ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டையிலிருந்து 1999இல்தான் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து நம் வாசிப்பு வட்டத்தில் அதன் முதல் தொகுதியை எடுக்கிறோம்.