கார் நெற்றியில் ஒரு தாழ்வாரம்

விழுப்புரத்திலிருந்து காணைக்குப் போகிறவர் மேற்கு நோக்கிப் போகிறார். மாலை ஐந்து மணிக்கு மேல் வண்டி ஓட்டினால் சூரியன் கண்ணுக்கு நேரே நிற்கும். இன்றைய கார்களில் உள்ளே இருக்கும் மடக்குப் பலகையை இறக்கிக்கொள்கிறோம். பழைய அம்பாசடர், ஃபியட் கார்கள் சிலவற்றில் முன்கண்ணாடிக்கு மேலே, வெளிப்புறத்தில், அகலமான தகடு ஒன்று நீண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் வெளி வைசர். பலரும் அதை வெறும் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். ஆனால் அது கணக்குப் பார்த்துச் செய்த கருவி.

ஓட்டுநரின் கண், கண்ணாடியின் மேல்விளிம்புக்கு 60 செ.மீ. பின்னாலும் 20 செ.மீ. கீழேயும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அடிவானத்திலிருந்து 18 டிகிரிக்கு மேல் நிற்கும் சூரியனைக் காரின் கூரையே மறைத்துவிடும். 20 செ.மீ. வைசர் ஒன்றை, நுனி 5 செ.மீ. தாழ்ந்திருக்கும்படி மாட்டினால், இந்த எல்லை 11 டிகிரிக்கு இறங்கும். நம் பகுதியில் மாலைச் சூரியன் மணிக்கு 14 டிகிரி அளவில் இறங்குகிறது. ஆக, வைசர் மிச்சப்படுத்துவது அரை மணி நேரக் கண்கூச்சம். கடைசி முக்கால் மணி நேரத்துக்கு அதனாலும் பயனில்லை. கண்ணைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பெரிய பயன் வேறு இடத்தில் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு வரும் சாலை தெற்கும் சற்றே மேற்குமாகச் செல்கிறது. மார்கழியில் மதியம் இரண்டு மணி வாக்கில் சூரியன் ஏறக்குறைய அதே திசையில், 45 டிகிரி உயரத்தில் இருக்கும். அந்த வெயில் கண்ணில் படாது. ஸ்டியரிங் பிடித்த கைகளிலும் மடியிலும் டேஷ்போர்டிலும் விழும். ஏ.சி. இல்லாத காரில் டேஷ்போர்டு சூடேறினால் உள்ளே இருக்கும் காற்று முழுவதும் சூடேறும். அந்த வெயிலில் ஒரு பங்கைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறது வைசர். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெப்பத்தைத் திரை போட்டுத் தடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஃபோர்டு மாடல் ஏ-யின் கூரையுள்ள கார்களில் 1928இலேயே வைசர் உடலோடு சேர்ந்து வந்தது. பிறகு அது தனியாக வாங்கி மாட்டும் பொருளானது. அமெரிக்காவில் மில்வாக்கி நகரின் ஃபுல்டன் நிறுவனம் இதற்குப் பேர்பெற்றது. வைசர் போட்டவர்களுக்கு ஒரு சிக்கலும் கூடவே வந்தது. சாலைக்கு மேலே 5 மீட்டர் உயரத்தில் சிக்னல் விளக்கு தொங்கினால், 20 மீட்டர் நெருங்கியதும் வைசர் அதை மறைத்துவிடும். அதற்காகவே டேஷ்போர்டில் ஒட்டிக்கொள்ளும் சிறு கண்ணாடிப் பட்டகங்கள் விற்பனைக்கு வந்தன. மேலே எரியும் விளக்கை அவை கீழே காட்டின.

1950களில் முன்கண்ணாடி சாய்ந்தது, வளைந்தது. சாய்ந்த கண்ணாடியின் கீழ்ப்பகுதி வைசரின் நிழலைத் தாண்டி முன்னே போய்விடுகிறது. வைசர் அதே அளவில் இருந்தாலும் நிழல் பாதியாகக் குறையும். நிறமேற்றிய கண்ணாடியும் ஏ.சி.யும் மிச்ச வேலையை முடித்தன. லாரிகளின் கண்ணாடி மட்டும் நிமிர்ந்தே இருந்தது. அதனால்தான் நம் நெடுஞ்சாலை லாரிகளின் நெற்றியில் வைசரை இன்றும் காண முடிகிறது.

இப்போது பழைய காரைச் சீர்படுத்துகிறவர்கள் இதைத் தேடிப் பிடித்து மாட்டுகிறார்கள். அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, கூரையில் துளை போடாதீர்கள் என்பதுதான். கூரையின் இரு ஓரமும் மழைநீர் வடிய ஒரு விளிம்பு ஓடுகிறது அல்லவா, அம்பாசடர் டாக்ஸியில் சாமான் கேரியரை மாட்டுவார்களே, அந்த விளிம்பில் கிளாம்ப் போட்டு வைசரை நிறுத்தலாம். இடையில் ரப்பர் துண்டு வைக்க வேண்டும். கண்ணாடி இரண்டு துண்டாக இருந்த கார்களில் நடுச்சட்டத்தில் ஒரு தாங்கி கொடுப்பார்கள். ஒற்றைக் கண்ணாடி என்றால் அந்தத் தாங்கி ரப்பர் பாதத்தோடு லேசாக அமர வேண்டும்; இறுக்கினால் கண்ணாடி விரிசல் விடும்.

காற்றையும் மறக்கக் கூடாது. பானெட்டில் மோதி மேலேறும் காற்று வைசரின் அடிப்பக்கத்தைத் தூக்கும். வேகம் 60இலிருந்து 100 கி.மீ. ஆனால் அந்த விசை கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. கூரைக்கும் வைசருக்கும் நடுவே காற்று வெளியேற இடைவெளி விடுவது இதனால்தான். வைசர் மாட்டிய காரை நான்குவழிச் சாலையில் விரட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

பழைய வைசர் கையில் கிடைத்தால், அது துருப்பிடித்திருக்கும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு: மடித்த ஓரங்கள், கிளாம்ப் கடித்த இடங்கள். மரக்காணம் பக்கம் உப்புக்காற்றில் நின்ற வண்டி என்றால் சேதம் கூடும். பெயிண்டை முழுக்க உரித்துப் பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும். நசுங்கலை டிங்கரிங் செய்பவர் சுத்தியலும் டாலியும் வைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்லத் தட்டி எடுப்பார். ஓட்டைக்குப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யும்போது, ஒரே மூச்சில் இழுத்தால் மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, மறுபடி வைக்க வேண்டும். பட்டியைத் தடிமனாக அப்புவது வீண் வேலை. வைசர் ஓட்டத்தில் அதிரும் பொருள். பட்டி வெடித்து உதிரும். மடிப்புகளுக்குள்ளும் எபாக்சி பிரைமர் இறங்க வேண்டும். அடிப்பக்கத்துக்கு மினுங்காத கரும்பெயிண்ட் அடிப்பது நல்லது. பளபளப்பாக விட்டால், பானெட்டில் பட்டு எதிரொளிக்கும் வெயில் அங்கே பட்டு மறுபடி ஓட்டுநரின் கண்ணுக்கே வரும்.

துளை போடாமல் மாட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதியின்படி, 50 வயது கடந்து, அசல் வடிவத்தில் பேணப்படும் கார்களும் இரு சக்கர வாகனங்களும் விண்டேஜ் வாகனமாக 'விஏ' எழுத்துகளோடு பதிவு பெறலாம். கழற்றினால் தடம் தெரியாத வைசர், காரின் அசல் உடலைத் தொடுவதே இல்லை.

ஐப்பசி மழைக்கு முன் கிளாம்புகளை ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். ரப்பருக்கு அடியில் தேங்கும் ஈரம்தான் கூரை விளிம்பை முதலில் அரிக்கும்.