உப்பு வியர்க்கும் ஊரில் உப்புக்கண்டம்

ஜூன் மழை விழுந்ததும் மும்பை தாராவிச் சமையலறைகளில் உப்பு ஜாடி கசியத் தொடங்கும். நாலு அரிசியைப் போட்டுப் பார்ப்பார்கள்; அப்போதும் அடியில் நீர் கோத்துக்கொண்டுதான் இருக்கும். திருநெல்வேலியிலிருந்து வந்து குடியேறிய வீடுகளில் உப்புக்கண்டம் போடுவதும் அதோடு நின்றுவிடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை.

கொழுப்பையும் சவ்வையும் நீக்கிய ஆட்டுத் தொடைக்கறியை மெல்லிய பட்டைகளாகக் கீறி, கல்லுப்பு, மஞ்சள், வற்றல் மிளகாய், பூண்டு, சீரகம் அரைத்த விழுதில் பிசறி, ஓர் இரவு ஊறவைத்து, நூலில் கோத்துக் கொடியில் தொங்கவிடுவது உப்புக்கண்டம். அமெரிக்காவில் மான்கறியில் செய்யும் ஜெர்க்கி இதற்கு ஒன்றுவிட்ட சகோதரி; அந்தப் பெயர் ஆண்டிஸ் மலைக் கெச்சுவா மொழியிலிருந்து வந்தது. தென்னாப்பிரிக்கப் பில்டாங்கில் வினிகரோடு கொத்தமல்லி விதையும் சேரும். நமக்கு மான்கறி ஆகாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. போரிவிலிக் காட்டில் புள்ளிமான் மேய்வதைப் பார்க்கலாம், அதோடு சரி.

மசாலாவைப் பற்றித்தான் எல்லோரும் பெருமை பேசுவார்கள். உண்மையில் பூண்டும் சீரகமும் சதைக்குள் சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்குவதில்லை. உள்ளே போவது உப்பு மட்டுமே. பட்டை மெலிந்திருந்தால்தான் மசாலாவின் ருசி கறியெங்கும் தெரியும். கொழுப்பை விட்டுவைத்தால் அது காய்வதற்குப் பதில் காறிப்போகும்.

கறி கெடுவதற்குக் காரணம் அதிலுள்ள நீர். ஆனால் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு கிருமிகளின் கைக்கெட்டும் என்பதே முக்கியம். உப்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கிருமிக்குக் கிடைக்காது. இதை 'நீர்ச் செயல்பாடு' என்ற அளவால் 0 முதல் 1 வரை குறிக்கிறார்கள். பச்சைக் கறிக்கு 0.99. ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி கூட சுமார் 0.85-க்குக் கீழே நச்சு சுரக்காது. எனவே 0.85-க்கும் கீழே கறியை இறக்கிவிட வேண்டும். தாராவித் தோல் பதனிடும் ஆலைகளுக்குப் பச்சைத் தோல் உப்பு அப்பியபடி வந்ததும் இதே கணக்கில்தான்.

நீர்ச் செயல்பாடும் காற்றின் ஈரப்பதமும் ஒரே ஏணியின் படிகள். 85 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் எத்தனை நாள் தொங்கவிட்டாலும் கறி 0.85-க்குக் கீழே இறங்காது. உப்பின் எண் 0.75. காற்று 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீரை இழுத்துக் கரையும். மும்பையின் ஜூலைக் காற்று 80-ஐத் தாண்டுவது சாதாரணம். ஆக, அடுப்படி ஜாடி காசில்லாத ஈரமானி. வெர்சோவாவில் கோலி மீனவர்கள் மூங்கில் கட்டி பொம்பில் மீனைக் காயவைப்பதும் மழைக்காலத்தில் நின்றுபோகிறது.

"எப்படியும் எண்ணெயில பொரிக்கத்தானே போறோம், எந்தக் கிருமி பிழைக்கும்?" என்று கேட்பவர்கள் உண்டு. கிருமி சாகும். ஆனால் மெதுவாகக் காய்ந்த கறியில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஏற்கெனவே விட்டுச்சென்ற நச்சு கொதிநிலையையும் தாங்கும். அதனால்தான் வேகமாகக் காயவைப்பது அவசியம்.

மழைக்காலத்திலும் ஆசை விடவில்லையென்றால் ஓவன் அடுப்பு உதவும். 28 டிகிரியில் 85 சதவீத ஈரமுள்ள காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் சுமார் 16 சதவீதமாகச் சரியும். பாலைவனக் காற்றே வீட்டுக்குள் வந்துவிடும். ஆனால் முதலில் கறியின் உட்பகுதி 71 டிகிரி வரும்படி வேகவைத்துவிட வேண்டும். காய்ந்த பிறகு கிருமிகள் சூட்டுக்கு அசையாமல் இறுகிவிடும். ஒரு கிலோ கறி 400 கிராம் அளவுக்கு வந்ததும், வளைத்தால் விரிசல் விட்டு உடையாமல் நிற்கும்.

வெயிலே வேண்டாத வழியும் ஒன்று உண்டு. இலங்கை வேடர்கள் கறியை மரப்பொந்தில் தேனோடு அடைத்து வைத்ததை ராபர்ட் நாக்ஸ் 1681-இல் எழுதியிருக்கிறார். தேனின் எண் சுமார் 0.6, உப்பையும் விடக் குறைவு.

மும்பைவாசிக்கு அந்தத் தேன் கட்டுப்படியாகாது. தீபாவளி கழிந்து ஒருநாள் ஜாடியைச் சாய்த்தால் உப்பு பொலபொலவென்று கொட்டும். அன்று கறிக்கடைக்குப் போகலாம்.